டொஸ் பொருத்தமும் விண்டோஸ் பொருத்தமும்

“மிஸ், இதென்ன, பெட்டிக்குள்ள வானம் தெரியுது?”

“அதுதான் அங்கிள் விண்டோஸ்.”

“முகிலும் கிடக்கே!”

“கொஞ்ச நேரத்தில போயிரும். பயப்படாதீங்க.”

தெல்மா பதின்மூன்றாவது பிளொப்பியை வெளியே இழுத்துக் கைப்பைக்குள் போட்டாள். மட்டக்களப்பு டவுனில் தட்டச்சும் கொம்பியூட்டரும் படிப்பிக்கிறவள் அவள். அந்தப் பதின்மூன்று பிளொப்பிகளையும் கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடப்பதற்குள் அவளுக்கு ஒரு மணித்தியாலம் போயிருந்தது. சென்றியில் நின்ற ஆமிக்காரன் ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான். “ஜன்னல்” என்றாள். திரும்ப முதலாவதிலிருந்து பார்க்கத் தொடங்கினான்.

நல்லரத்தினம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகில் போய் நீலம் வந்தது. நீலத்தில் சின்னச் சின்னப் படங்கள் வந்தன. அவர் மனம் மட்டும் ஏனோ ஆறவில்லை.

“நல்லாத்தான் கிடக்கு மிஸ். ஆனா என்ட கறுப்பு எங்க?”

“எந்தக் கறுப்பு?”

“கறுப்பில பச்சை எழுத்து வருமே, அது.”

“அது டொஸ். நீங்கதானே பழசு ஒண்டும் வேணாம், துடைச்செறிங்க எண்டு சொன்னீங்க? ரெண்டு தரம் கேட்டன். ரெண்டு தரமும் ஓம் எண்டீங்க.”

அது உண்மைதான். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணமும் இருந்தது.

நாவற்குடாவில் ஐந்து வருடமாக ‘நல்லரத்தினம் கொம்பியூட்டர் பொருத்தம்’ என்ற பலகை அவர் வீட்டு வாசலில் தொங்குகிறது. அவர் பரம்பரைச் சாத்திரியார் அல்ல. பஞ்சாங்கத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அப்படியே வைத்து வாசிப்பார். ஆனால் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் படிவம் நிரப்பியவர். கேள்வி கேட்டுப் பதிலை உரிய இடத்தில் எழுதுவதில் அவரை வெல்ல அந்தப் பக்கத்தில் ஆளில்லை. கொம்பியூட்டரும் அதைத்தான் எதிர்பார்த்தது. பெண்ணின் பெயர் என்ன, மாப்பிள்ளையின் பெயர் என்ன, நட்சத்திரம் என்ன, பிறந்த நாள் என்ன, நேரம் என்ன என்று அது ஒவ்வொன்றாய்க் கேட்கும். அவர் இரண்டு சுட்டுவிரல்களாலும் ஒவ்வொரு இங்கிலிஷ் எழுத்தாய்த் தேடிப் பிடித்துக் குத்துவார். எல்லாம் முடிந்ததும் அது ஒரு நிமிடம் யோசிக்கும். யோசிக்கும்போது உள்ளே ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பெண் வீட்டார் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். பிறகு பத்துக்கு இத்தனை என்று பச்சை எழுத்தில் வரும். ஏழுக்குக் கீழே வந்தால் நல்லரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

மனிதர் சொல்வதை மனிதர் நம்பாத காலம் அது. ரேடியோவில் ஒரு பக்கம் சொல்வதை மறுபக்கம் நம்பாது. நல்லரத்தினத்தின் கொம்பியூட்டரை மட்டும் எல்லாப் பக்கமும் நம்பியது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பங்குனி மாதம், செங்கலடிச் சந்தியில் வினாயகமூர்த்தி என்று ஒருவர் பலகை போட்டார். ‘கலர் கொம்பியூட்டர் பொருத்தம்.’ கலர் என்ற சொல்லைக் கலரிலேயே எழுதியிருந்தார். நாவற்குடாச் சனம் இரண்டு பஸ் மாறிச் செங்கலடிக்குப் போகத் தொடங்கியது.

நல்லரத்தினம் லண்டனில் இருக்கும் மச்சானுக்குக் கடிதம் எழுதினார். மச்சான் பெரிய பெரிய பஞ்சாங்கக்காரர் கூடிச் செய்த ஒரு பொருத்தப் புரோகிராமை அனுப்பிவைத்தார். அது விண்டோஸில்தான் ஓடுமாம். அதனால்தான் தெல்மா வந்தாள். அதனால்தான் டொஸ் போனது.

“இந்தா, இதுதான் மவுஸ்,” என்றாள் தெல்மா. “இதை நகத்தினா அந்த அம்பு நகரும்.”

நல்லரத்தினம் நகர்த்தினார். அம்பு பாதி வழி போவதற்குள் மேசை முடிந்துவிட்டது.

“பெரிய மேசை வேணும் போல கிடக்கே?”

தெல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வெயில் ஏறுவதற்குள் பாலம் தாண்ட வேண்டும் என்ற அவசரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. “அப்பப்ப தூக்கி வைங்க அங்கிள்,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். எதைத் தூக்கி எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. நல்லரத்தினம் சாப்பாட்டு மேசையைத் தூக்கி வந்து கொம்பியூட்டர் மேசையோடு ஒட்டி வைத்தார்.

“மறுகா நாங்க எங்க இருந்து தின்னுற?” என்று மனைவி அன்னப்பூரணி கேட்டாள்.

“கொஞ்ச நாளைக்கு நிலத்தில.”

மகள் உமா பாயை விரித்தாள். உமாவுக்கு இருபத்தெட்டு வயது. கொஞ்ச நாளைக்கு என்று அப்பா சொல்வதெல்லாம் எவ்வளவு நாள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பதினாலு மாப்பிள்ளை பேசி வந்து, பதினாலும் அப்பாவின் கொம்பியூட்டரில் ஏழைத் தொடாமல் திரும்பிப் போயிருந்தன. “கொஞ்சம் பொறு மகள், உனக்கெண்டு ஒருத்தன் எங்கயோ இரிக்கான்” என்று அவர் முதலாவது மாப்பிள்ளை திரும்பிப் போனபோது சொன்னதைத்தான் பதினாலாவது போனபோதும் சொன்னார்.

பதினைந்தாவது மாப்பிள்ளை வருகிற வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. பெயர் ரகு. வந்தாறுமூலைக் கெம்பஸ் நூலகத்தில் வேலை. உமா அவனைப் புத்தகம் எடுக்கப் போன இடத்தில் இரண்டு மூன்று தரம் கண்டிருக்கிறாள் என்பது அன்னப்பூரணிக்குத் தெரியும். நல்லரத்தினத்துக்குத் தெரியாது.

புது மெசினை எதை வைத்துத் தொடங்குவது என்று யோசித்த நல்லரத்தினத்துக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. எந்தப் பொருத்தம் நூற்றுக்கு நூறு நிச்சயமோ அதைப் போட்டுப் பார்ப்போம். அவர் கையால் பத்துக்குப் பத்து வந்த சோடி ஊரில் ஒன்றுதான். சீதேவிப்பிள்ளையும் கதிர்காமத்தம்பியும். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார்கள். கதிர்காமத்தம்பி வாவியில் வலை போடுகிறவன். நாலு வருடத்துக்கு முன் அந்தப் பத்தைப் பார்த்து நல்லரத்தினமே கதிரையை விட்டு எழுந்து நின்றவர்.

அந்த நேரம் பார்த்து அரிசி புடைக்கச் சுளகு இரவல் கேட்டுச் சீதேவிப்பிள்ளை வந்தாள்.

“வா புள்ள, வா! உன்டதைத்தான் போடப்போறன். கலர்ல பாரு!”

அவள் சுளகை மறந்து பக்கத்தில் வந்து நின்றாள். நல்லரத்தினம் பேரும் நட்சத்திரமும் எழுதி வைத்திருந்த கொப்பியைப் பார்த்து எல்லாவற்றையும் குத்தினார். சாப்பாட்டு மேசையின் அந்தம்வரை போய் மவுஸை ஒரு தட்டுத் தட்டினார். இந்த மெசின் யோசிக்கவே இல்லை. சத்தமும் போடவில்லை. உடனே சொன்னது, சிவப்பில்.

பத்துக்கு மூன்று.

இரண்டு பேரும் திரைக்குக் கிட்டே குனிந்தார்கள்.

“அது மூணா, எட்டா?” என்று நல்லரத்தினம் கண்ணாடியைத் துடைத்தார்.

“மூணு,” என்றாள் சீதேவிப்பிள்ளை. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அதானே! நாலு வருஷமா நானும் யோசிக்கன், பத்துப் பொருத்தம் உள்ள மனிசன் ஏன் இப்பிடி இரிக்கான் எண்டு! என்னில பிழையாக்கும் எண்டு நினைச்செல்லோ பொறுத்துக்கொண்டு கிடந்தன்!”

“புள்ள, பொறு, இது புது மெசின், இன்னும் வீடு பழகல்ல…”

அவள் சுளகை எடுக்காமலே போய்விட்டாள்.

மறுநாள் காலை வாசலில் கதிர்காமத்தம்பி நின்றான். கையில் ஒரு கூடை. கூடையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

“ஐயா, என்ட பொண்டாட்டி சோறாக்கமாட்டாளாம். மூணு பொருத்தத்துக்கு ஒரு நேரச் சோறும் கூடுதலாம். மீனைக் கொண்டுபோய்ப் பொருத்தம் பாத்த இடத்திலயே குடு எண்டிட்டாள். இந்தாங்க.”

“இதை ஏன் என்னட்டத் தாறாய்?”

“நீங்கதானே பத்து எண்டு சொல்லிக் கட்டி வெச்சீங்க? அவள் திரும்ப ஆக்கிற வரைக்கும் நீங்க ஆக்கித் தாங்க.”

அன்னப்பூரணி எட்டிப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். கூடையை வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு மத்தியானம் நிலத்தில் பாய் விரித்து நாலு பேர் சாப்பிட்டார்கள். கதிர்காமத்தம்பி குழம்பு நல்லாயிருக்கிறது என்று மூன்று தரம் சொன்னான். “எங்கட வீட்டில இப்பிடி இல்ல,” என்றான். அந்தச் சொல் எப்படியோ பக்கத்து ஒழுங்கைக்குப் போய்விட்டது. சீதேவிப்பிள்ளை தன் பெட்டியைக் கட்டி வைத்திருப்பதாகப் பின்னேரம் செய்தி வந்தது.

‘பிறந்த நேரத்தில் சின்னப் பிழை இருந்திருக்கும். அதைத் திருத்தினால் சரி’ என்று நல்லரத்தினம் எண்ணினார். கதிர்காமத்தம்பி பிறந்த நேரத்தைப் பத்து நிமிடம் பின்தள்ளிப் போட்டார். இரண்டு வந்தது. அரை மணி முன்தள்ளினார். ஒன்று வந்தது. பயத்தில் வருடத்தில் ஒரு இலக்கத்தை மாற்றிக் குத்திவிட்டார். மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை என்று மெசின் அறிவித்தது.

“நான் பிறக்கல்லியா?” என்று பின்னால் நின்ற கதிர்காமத்தம்பி கேட்டான்.

“இது வெளிநாட்டு மெசின். அங்க நேரம் வேற.”

“அப்ப என்ட அம்மாக்கு என்ன சொல்லுற?”

விசயம் ஊருக்குள் போய்விட்டது. புது மெசினில் பார்த்தால் பழையது எல்லாம் மாறுகிறதாம் என்ற கதை நாவற்குடாவைச் சுற்றிக் கல்லடியைத் தொட்டுத் திரும்பி வந்தது. நல்லரத்தினத்தின் கையால் ஒப்பேறிய சோடிகள் ஒவ்வொன்றாய் வரத் தொடங்கின. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து வந்தவர்கள் கொஞ்சம். தனித்தனியாகக் களவாய் வந்து, வாசலில் ஒருவரை ஒருவர் கண்டு முழித்தவர்கள்தான் கூடுதல்.

நல்லரத்தினம் ஒரு மட்டையை எடுத்துக் கச்சேரிக் கையெழுத்தில் ‘பழைய பொருத்தங்கள் யாவும் செல்லுபடியாகும். மறுபரிசீலனை கிடையாது’ என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார்.

அதோடு மிச்சம் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். செல்லுபடியாகும் என்று ஒருவர் மட்டையில் எழுதி மாட்டவேண்டி வந்ததென்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்பது சனத்தின் எண்ணம்.

வந்தவர்களில் புஸ்பமும் ஒருத்தி. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பேக்கரி மணிக்கும் அவளுக்கும் பேசி, நல்லரத்தினத்தின் கொம்பியூட்டர் மூன்று என்று சொல்லி, அந்தப் பேச்சு நின்றுபோய் நாலு வருடம். அதற்குப் பிறகு அவளும் கட்டவில்லை. மணியும் கட்டவில்லை. அவன் கொண்டுவந்த பெண்களுக்கெல்லாம் ஏழு வரவே இல்லை.

“போட்டுப் பாருங்க ஐயா,” என்றாள் புஸ்பம். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் நல்லரத்தினத்துக்குப் பயமாய் இருந்தது.

போட்டார். ஒன்பது வந்தது.

புஸ்பம் அந்த ஒன்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நாலு வருஷம் ஐயா,” என்றாள். “தினம் காலையில அந்தாள்ட்டத்தான் பாண் வாங்கிறன். மூஞ்சைப் பாக்காம வாங்கிறன்.” எழுந்து நேரே பேக்கரிக்குப் போனாள். போன வேகத்தில் மட்டை கழன்று விழுந்தது.

நல்லரத்தினம் அதைத் திரும்ப மாட்டவில்லை.

வாசலில் இத்தனை சனம் கூடினால் அந்தக் காலத்தில் யார் வருவார்களோ அவர்கள் வந்தார்கள். ஒரு கோப்ரலும் இரண்டு ஆமிக்காரரும். சனம் சத்தமில்லாமல் விலகியது.

“மொகத மே? என்ன கூட்டம் ஐயா?”

“ஒண்டுமில்லை சேர். கலியாணப் பொருத்தம்.”

“மெஷின் சொல்றதா?”

“ஓம் சேர்.”

கோப்ரல் தன் ஆட்களைப் பார்த்தான். சிங்களத்தில் ஏதோ சொல்லி அவர்களை ரோட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதிரையை இழுத்து மெதுவாக உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான். “ஐயா, பொலன்னறுவையில ஒரு பொம்பள இருக்கு.”

அவனுடைய பெயர் பரம்பரைப் பெயரோடு சேர்ந்து பெட்டியை நிறைத்து வெளியே வழிந்தது. ‘ரணசிங்க முதியான்சலாகே’ என்று தொடங்கியதை நல்லரத்தினம் எழுத்தெழுத்தாய்க் கேட்டு ஐந்து நிமிடம் குத்தினார். அந்தப் பெண்ணின் பெயரும் அதே நீளம். முடிவு வந்தது. நாலு.

கோப்ரல் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சனம் ஒரு அடி பின்வாங்கியது. நல்லரத்தினத்துக்கு வேர்த்து ஊற்றியது.

“வேற மெஷின் இல்லையா ஐயா?” என்று கோப்ரல் மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“இருந்த சேர்! பழசு ஒண்டு இருந்த! அதுதான் சரியான மெசின். இது சரியில்ல.” வாயில் வந்தது வந்துவிட்டது. முழுச் சனமும் கேட்டுக்கொண்டு நின்றது.

“அப்ப அதில போடுங்க.”

“அழிஞ்சு போச்சு சேர். எடுப்பிக்கிறன். வெள்ளிக்கிழமைக்குள்ள எடுப்பிக்கிறன்.”

“வெள்ளிக்கிழமை நான் வாறது,” என்று சொல்லிக் கோப்ரல் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

நல்லரத்தினம் அன்றைக்கே பாலம் தாண்டித் தெல்மாவிடம் ஓடினார். “மிஸ், விண்டோஸை எடுத்திட்டு டொஸைத் திரும்பப் போடுங்க.”

“டொஸைப் போடலாம் அங்கிள். உங்கட பொருத்தப் புரோகிராம் அதோட வராது. அது அழிஞ்சு போச்சு. கொப்பி ஒண்டும் எடுத்து வெக்கல்லியா?”

“கொப்பி இரிக்கி! எல்லாருடைய பேரும் நட்சத்திரமும் எழுதி வெச்சிரிக்கன்!”

“அந்தக் கொப்பி இல்ல அங்கிள்.” தெல்மா நெற்றியில் கையை வைத்தாள். “அதை எழுதினது ஆர்?”

எழுதினது காத்தான்குடி முத்தலிப். ஐந்து வருடத்துக்கு முன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பொடியன். எழுதிக் கொடுத்த கையோடு சவூதிக்குப் போய்விட்டான். அவன் வீட்டில் விசாரித்தபோது நல்லரத்தினத்துக்கு உயிர் வந்தது. லீவில் வந்து நிற்கிறானாம். கொழும்புக்குப் போயிருக்கிறான், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் வந்துவிடுவான் என்று அவன் தாய் சொன்னாள். தொழுகை முடிந்ததும் அனுப்பி வைக்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பிரச்சினை. அவர் இல்லாத நேரம் பார்த்து உமா கொப்பியை எடுத்துத் தன் பதினாலு மாப்பிள்ளையையும் புது மெசினில் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்திருந்தாள்.

“அப்பா, பதினாலில ஆறு பேர் ஏழுக்கு மேல.”

“அது பிழையான மெசின் மகள்.”

“ரகுவையும் போட்டன். ஒன்பது.”

நல்லரத்தினம் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஒன்பது என்ற சொல் காதுக்குள் போய் இனித்தது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது. யாருக்கும் தெரியாமல் இந்த ஒன்றை மட்டும் விண்டோஸில் முடித்துவிட்டால் என்ன?

“நானும் எங்கட ரெண்டு பேருடையதையும் போட்டுப் பாத்தனான்,” என்றாள் அன்னப்பூரணி அடுப்படியிலிருந்து.

“எத்தினை?”

சட்டி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“எத்தினை எண்டு கேக்கன்!”

“முப்பத்திரண்டு வருஷமாத் தெரியாதாக்கும் உங்களுக்கு,” என்றாள் அவள்.

பாயில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கதிர்காமத்தம்பி தலையை நிமிர்த்தினான். அவன் அந்த வீட்டில் சாப்பிடத் தொடங்கி அது ஆறாம் நாள். “ஐயா, ஒண்டு சொல்றன். உங்கட மகளின்ட கலியாணத்தைப் புதுசில பாத்து முடிச்சீங்கெண்டா புதுசுதான் சரி எண்டு ஆகும். என்ட பொண்டாட்டி மறுகா சோறாக்கமாட்டாள். நான் இஞ்சதான் கிடப்பன்.”

“நீ சும்மா தின்னுடா.”

“பழசு சரியெண்டா எல்லாருக்கும் பழசு. புதுசு சரியெண்டா எல்லாருக்கும் புதுசு. ஊருக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டெண்டு ஏலாது,” என்றான். இவ்வளவு நாளும் மீனைப் பற்றி மட்டும் பேசியவன் அவன்.

நல்லரத்தினத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. பழையதுதான் சரி என்றால் ஊரில் மானம் இருக்கும், சீதேவிப்பிள்ளை கட்டிய பெட்டியை அவிழ்ப்பாள், கோப்ரலின் முகம் மலரும். ஆனால் உமாவின் பதினைந்தாவதும் போய்விடும். போகும் என்று அவருக்கு உள்ளுக்குள் நிச்சயமாய்த் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்குப் பழைய மெசினில் ஒரு நாளும் நல்ல எண் வந்ததில்லை. புதியதுதான் சரி என்றால் உமா கரையேறுவாள். ஐந்து வருடமாய் அவர் கட்டிவைத்தவர்கள், பிரித்துவைத்தவர்கள் எல்லோரும் ஒழுங்கை முழுக்க வந்து நிற்பார்கள்.

உமா வந்து பக்கத்தில் இருந்தாள். “அப்பா, பழசில போட்டா என்ன வரும் எண்டு எனக்கும் தெரியும். நீங்க போடுங்க. நான் அழமாட்டன்.”

அவள் அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முற்றம் கொள்ளாத சனம். அன்றைக்கென்று கரண்டும் போய்விட்டது. கோப்ரல் தன் பங்குக்கு ஆமிக் காம்பிலிருந்து ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். அது கொட்டிலுக்குப் பின்னால் நின்று குரைத்தது. சீதேவிப்பிள்ளை கட்டிய பெட்டியோடு ஒரு பக்கம் நின்றாள். கதிர்காமத்தம்பி மறுபக்கம். புஸ்பமும் பேக்கரி மணியும் ஒரே மர வாங்கில் உட்கார்ந்து, முதல்தரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. தெல்மா டொஸ் பிளொப்பிகளோடு வந்திருந்தாள். ரகுவும் தாயும் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். உமா தேத்தண்ணி கொண்டுவந்தாள். ரகு கோப்பையை எடுக்க மறந்து அவளைப் பார்த்தான். அவன் தாய் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முத்தலிப் இறங்கினான். வெள்ளைத் தொப்பியும் சவூதிச் செண்டு மணமுமாக உள்ளே வந்தவன் சனத்தைக் கண்டு தயங்கினான்.

“என்ன ஐயா, ஏதும் மவுத்தா? ஆரும் போயிட்டாங்களா?”

“இல்ல தம்பி, வா, வா. உன்னைத்தான் எல்லாரும் பாத்துக்கொண்டிரிக்கம்.” நல்லரத்தினம் அவன் கையைப் பிடித்து முற்றத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். கச்சேரியில் அரசாங்க அதிபரின் கடிதத்தை வாசிக்கும் குரல் அவருக்குத் தானாக வந்தது.

“மகாசனங்களே! இந்தத் தம்பிதான் எங்கட பழைய பொருத்தத்தை எழுதின ஆள். இவர்ட அறிவில செஞ்ச மெசினை நம்பித்தான் அஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருநூறு கலியாணம் நடந்த. எத்தினையோ கலியாணம் நடக்காமப் போன. என்ட சொந்த மகளுக்கு வந்த பதினாலு பேரையும் நான் இதை நம்பித்தான் திருப்பி அனுப்பினன். ஒருத்தருக்கும் ஓரவஞ்சகம் செய்யல்ல. இண்டைக்குப் பதினைஞ்சாவதையும் அதிலதான் பாக்கப் போறன். என்ன வந்தாலும் அதுதான் முடிவு!”

கோப்ரல் கைதட்டினான். அவன் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். அன்னப்பூரணி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“தம்பி, அதை ஒருக்காத் திரும்ப எழுதித் தா. எவ்வளவு நாள் எண்டாலும் பரவாயில்லை. அதுக்கு முதல் இந்தச் சபையில ஒரு வார்த்தை சொல்லு. அதில ஏதும் பிழை இரிக்கா?”

முத்தலிப் நல்லரத்தினத்தைப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான். கோப்ரலின் தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

“திரும்ப எழுத அஞ்சு நிமிஷம் போதும் ஐயா,” என்றான் மெதுவாக. “மெசின் ஓடுதா எண்டு பாக்கத்தானே அதைத் தந்தன். சாத்திரத்தைப் பிறகு போடுவம் எண்டிருக்க அடுத்த நாளே விசா வந்திட்டு. அதுவரைக்கும் சும்மா கிடக்கட்டும் எண்டு, பொண்ணின்ட பேரிலயும் மாப்பிள்ளைட பேரிலயும் எத்தினை இங்கிலிசு எழுத்து இரிக்கி எண்டு எண்ணி, மூணால பிரிக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தன்.”